பூதக்கண்ணாடிக்காரன் சொன்ன வார்த்தை

...அந்த பூதக்கண்ணாடிக்காரனுக்கு என்னங்க தெரியும்? சொல்லுங்க! பழங்காசு சேக்கிறவங்களுக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு பூதக்கண்ணாடி! என் சம்பந்தி வெச்சிருக்கிற ரோமாபுரிக் காசைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, 'இது போலி, அதுவும் ஏதோ கத்துக்குட்டி வேலை'ன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். கத்துக்குட்டியாம்! நாக்கு அழுகிடாது?

நீங்க உக்காருங்க சார், ஜன்னலோரம் உங்களுக்கே இருக்கட்டும். பஸ் போய்ச் சேர்ற வரைக்கும் நான் பேசிட்டே வர்றேன், பொழுது போகும்.

சம்பந்தின்னா என் பொண்ணோட மாமனாரு. பேங்க்ல பெரிய அதிகாரியா இருந்து ரிட்டயர் ஆனவரு. நாமெல்லாம் கையில நாலு காசு வந்தா பல்லைக் கட்டுவோம், கூரையை மாத்துவோம். இவரு ரெண்டாயிரம் வருஷத்துக் காசா வாங்கிக் குவிக்கிறாரு. ஒண்ணுல ஆந்தை. கிரேக்கத்து ஆந்தையாம். அது முழிக்குது, இவரும் அதைப் பாத்து அதே மாதிரி முழிக்கிறாரு. செத்துப்போன ராஜாக்களுக்கெல்லாம் வெல்வெட் மெத்தை. உயிரோட போய் நின்ன எனக்கு மடக்கு நாற்காலி!

முதல் தடவை ஒரு காசைக் கையில எடுத்தேன். 'ஐயோ சம்பந்தி, விளிம்பைப் பிடிங்க! உங்க கை வேர்வை பட்டா போச்சு!'ன்னு வெடுக்குன்னு பிடுங்கிட்டாரு. மாப்பிள்ளை முன்னாடி சார். அப்புறம் துணியை எடுத்துத் துடைச்சாரு பாருங்க... காசை மட்டும் இல்ல, நான் கை வெச்ச மேஜையை! ஆறு வருஷம் ஆச்சு. மறந்துருவேனா?

வேர்வையாம். இது என்ன கைன்னு தெரியுமா அவருக்கு? நாலாங்கிளாஸோட பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, நாப்பத்தோரு வருஷம் முத்திரை வெட்டின கை. கோர்ட்டு சீல், கம்பெனி சீல், எல்லாம் இந்தக் கைதான். பேங்க்ல அவரு குத்திக் குத்திப் பெரிய ஆளானதே நான் வெட்டின சீலா இருக்கும், யாரு கண்டா?

என்ன அப்படிப் பாக்கறீங்க?

ம்... சரி. நீங்க யாரோ, நான் யாரோ. ஆமா சார். அந்தக் காசை நான்தான் செஞ்சேன்.

இரும்புல ரெண்டு அச்சு வெட்டினேன். ராஜா மூஞ்சிக்கு எங்க போறது? சம்பந்தி மூஞ்சியவே வெட்டிட்டேன்! அந்த மூக்கு, அந்தத் தொங்கற தாடைச் சதை, தலையில இலைக் கிரீடம். நடுவுல செம்பை வெச்சு ஒரே அடி. வினிகரும் உப்பும் தடவி, பூந்தொட்டி மண்ணுல பத்து மாசம் புதைச்சேன். வீட்டுக்காரி தினமும் தண்ணி ஊத்திட்டு, 'என்ன விதை போட்டீங்க, முளைக்கவே காணோமே'ன்னு கேப்பா. பச்சை பூத்து வந்துச்சு பாருங்க... நானே ஒரு நிமிஷம் நம்பிட்டேன்.

பழைய இரும்புக் கடையில கிடைச்சதுன்னு கொண்டு போய்க் குடுத்தேன். அவரு ஆகா ஓகோன்னு குதிக்கணும், சொந்தக்காரங்க கூடியிருக்கிற நேரம் பாத்து நான் எழுந்து, 'சம்பந்தி, போய் மூஞ்சியைக் கண்ணாடியில பாருங்க, ராஜா யாருன்னு தெரியும்'னு சொல்லணும். மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன் சார்!

எங்க சொல்ல விட்டாரு? கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. கண்ணுல தண்ணி. 'எனக்குப் படிப்பு இருக்கு சம்பந்தி, உங்களுக்குக் கண்ணு இருக்கு'ன்னாரு. அன்னிக்குத்தான் தன் பக்கத்துல, மெத்தை வெச்ச நாற்காலியில உக்கார வெச்சாரு. அதுலேருந்து வாராவாரம் ஃபோன். புதுசா ஒரு காசு வந்தா, 'முதல்ல நீங்க பிடிச்சுப் பாருங்க'ங்கறாரு. அந்த மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றது? நாளைக்கு, நாளைக்குன்னு ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு.

மூஞ்சியா? ஒருத்தனுக்கும் தெரியல சார்! அவரு பொண்டாட்டிக்கே தெரியல! அந்தத் தலைவன் என்ன சொல்றான்? 'இப்படி ஒரு ராஜா ரோமாபுரியில இருந்ததே இல்ல'ங்கறான். எதிர்லேயே உக்காந்திருக்காரேடா!

காலைல பொண்ணு ஃபோன் பண்றா. 'அப்பா, மாமா சங்கத்துக்காரங்களோட சண்டை போட்டு ராஜினாமா பண்ணிட்டாரு. என் சம்பந்தி பொய் சொல்ற ஆளில்லன்னு கத்திட்டாரு. முப்பது வருஷத்துச் சிநேகிதம்பா. சாயங்காலம் தலைவர் திரும்ப வர்றாரு, நீங்க வந்து காசு கிடைச்ச கதையைச் சொல்லிட்டுப் போங்க'ன்னு.

பையில அந்த ரெண்டு அச்சும் இருக்கு சார். எதுக்கு எடுத்தேன்னு எனக்கே தெரியல. இரும்புக் கடைன்னு இன்னொரு தடவை புளுகிட்டா சம்பந்தி மானம் நிக்கும். ஆனா கத்துக்குட்டின்னு சொன்னானே! அச்சை அவன் முன்னாடி டொக்குனு வெச்சு, 'பாருடா, இந்த மூக்கை எந்தக் கத்துக்குட்டிடா வெட்டுவான்?'னு கேக்கணும்போல இருக்கு. கேட்டா... என் பொண்ணு அந்த வீட்டுல எப்படித் தலை நிமிர்ந்து நடப்பா? அந்த மனுஷன்...

நீங்களே சொல்லுங்க சார், நான் என்ன பண்றது?

ஐயய்யோ. ஸ்டாப்லயே நிக்கிறாரு சார். அதோ, அவர்தான். என்னைக் கூட்டிட்டுப் போக இந்த வெயில்ல வந்து நிக்கிறாரு. கையில ரெண்டு குடை... ஒண்ணு எனக்காம். சார், சார், கொஞ்சம் முன்னாடி சாஞ்சு உக்காருங்க. இன்னும் கொஞ்சம். அந்தப் பேப்பரை நல்லா விரிச்சுப் பிடிங்க...

கண்டக்டர்! இல்ல, நான் இறங்கல. போகச் சொல்லுங்க, போகச் சொல்லுங்க... இந்த பஸ் கடைசியா எங்க போய் நிக்கும்?