ஐந்தாம் நாளில் கொட்ட மறுத்த குப்பி

குருதியில் கரந்த கிருமியைக் கூர்ந்து தேடிய கண்ணே! பொய்யறிக்கையில் ஒப்பமிடப் பழகாத கையே! முப்பத்து நான்கு ஆண்டுகள் தஞ்சை மருத்துவமனையின் நுண்ணுயிரி ஆய்வகத்தைக் காத்து, இன்று ஓய்வுபெறும் நீலாயதாட்சி அம்மையீர்! வணங்குகிறோம்.

தங்களைப் பொறுமையின் வடிவம் என்று புகழுமாறு எங்களுக்குச் சொல்லப்பட்டது. தங்கள் சினத்தை அறிந்த நாங்கள் அச்சொல்லை விலக்கி, நடந்ததை அவையோர்முன் வைக்கிறோம்.

வேதாரண்யத்து உப்பளத் தொழிலாளி மருதையன், மாற்றுச் சிறுநீரகம் பெற்று, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உண்பவர். ஒரு மாதக் காய்ச்சல். சளியில் காசநோய்க் கிருமி இல்லை, நெஞ்சுப் படத்தில் கறை இல்லை. எதிர்ப்பாற்றல் குன்றியவர்க்கு அக்கிருமி குருதியிலேயே பரவக்கூடும் என்றறிந்த அம்மையார், அவர் குருதியைத் தனிக் குப்பியிலிட்டு வெப்பப்பெட்டியில் வைத்தார். மெல்ல வளரும் அக்கிருமிக்கு நாற்பத்திரண்டு நாள் வேண்டும். அலுவலகம் அளித்ததோ பிற கிருமிகளுக்குரிய ஐந்தே நாள். ஆறாம் நாள் ‘வளர்ச்சி இல்லை’ என்ற அறிக்கை அம்மையாரைக் கேளாமலே போயிற்று. மருதையன் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

“என்னங்க மேடம், இன்னும் அடைகாக்கிறீங்களா? இன்ஸ்பெக்‌ஷன் வருது, பெட்டியைக் காலி பண்ணுங்க” என்றார் மேலதிகாரி.

“பண்றேன் சார். நீங்கதான் கொட்டச் சொன்னீங்கன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க.”

கையெழுத்து வரவில்லை. குப்பி இருந்தது.

இருபத்து நான்காம் நாள் அதில் காசநோய்க் கிருமி வளர்ந்து, மரபணுச் சோதனையிலும் உறுதியாயிற்று. மருதையன் வீட்டுத் தொலைபேசியை எவரும் எடுக்கவில்லை. தஞ்சையிலிருந்து இரண்டு பேருந்து மாறி, அறிக்கையோடு அவர் வாசலில் நின்றார் அம்மையார்.

“ஒண்ணுமில்லன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? கஞ்சிகூட இறங்கல அவருக்கு. இப்ப என்னத்துக்கு வந்தீங்க?” என்று வெடித்தார் மருதையனின் மனைவி தர்மாம்பாள்.

“தப்பா எழுதிட்டோம்ங்க. அப்புறம் திட்டுங்க, முதல்ல ஆட்டோவைக் கூப்பிடுங்க.”

மருதையன் பிழைத்தார். அனுமதியின்றி வெளியூர் சென்றமைக்கு அம்மையாரிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. தவறான அறிக்கைக்கு எவரிடமும் எந்த விளக்கமும் கேட்கப்படவில்லை.

அம்மையீர்! இன்று தங்களுக்குப் பொன்னாடை போர்த்தும் அலுவலகம், நாற்பத்திரண்டு நாளுக்கான ஆணையை இன்னும் பிறப்பிக்கவில்லை. பொன்னாடைக்கு ஒப்புதல் ஒரே நாளில் கிடைத்தது என்பதை வியப்புடன் குறித்துக்கொள்கிறோம்.

நோயணுகா உடலும், நுண்மை குன்றா நோக்கும், நியாயமான சினமும் குறைவின்றிப் பெற்று நூறாண்டு வாழ்க! நாளை முதல் இவ்வாய்வகத்தில் எக்குப்பியும் அதற்குரிய நாளுக்குமுன் கொட்டப்படாது. விளக்கம் கேட்க விரும்புவோர் வசதிக்காகப் பெயர்களைத் தெளிவாக எழுதியுள்ளோம்:

பாசித், பரிதி, மாதங்கி
நுண்ணுயிரி ஆய்வகப் பணியாளர்கள்