அப்பொலோடோரஸின் கண்ணீர்

எனக்கு வெங்காயம் உரித்தாலும் கண்ணீர் வராது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றது தானாக விளங்கும்.

2006இல், நாங்கள் புலம்பெயர்ந்து வாழ்ந்த வெஸ்ட்லியில், எங்கள் நாடகக் குழு சோக்கிரட்டீஸின் சாவை மேடையேற்றியது. ஜெயரத்தினம் அண்ணைதான் சோக்கிரட்டீஸ். ஆண்கள் போதாததால் எனக்கும் ஒரு தாடி ஒட்டி, அவருடைய தோழர்களில் ஒருவனான அப்பொலோடோரஸ் ஆக்கினார்கள். அவனுக்கு வசனம் கிடையாது. குரு நஞ்சு குடித்ததும் ஓவென்று அழுவான், அவ்வளவுதான்.

ஒத்திகையில் அழுதேன்.

"மலர், உது அழுகையோ, விக்கலோ?" என்றார் ஜெயரத்தினம் அண்ணை.

"மேடையில வடிவாய் அழுவன், அண்ணை."

"கண்ணீர் வராட்டி பேர்கன் நகரத்திலை நாடகம் போடேக்கை உம்மை விட்டிட்டுத்தான் போவம். நீர் இல்லாட்டிலும் நான் சாவன்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். வீட்டுக்கு வந்து யோசித்தால் அவர் சொன்னது நியாயம். அழுவதற்கு ஒரு காரணம் வேண்டும்.

நிலக்கடலை, எங்கள் கச்சான், அவருக்கு ஆகாது, தொண்டை அடைத்துவிடும். எந்தக் கலியாண வீட்டிலும் "இதுக்குள்ளை கச்சான் கிடக்கோ?" என்று கேட்காமல் வாயில் வைக்கமாட்டார். மேடையில் கேட்கமாட்டார். எங்கள் நாடகத்தில் சோக்கிரட்டீஸ் கேள்வி கேட்காத ஒரே இடம் அது.

நஞ்சுக்குப் பதிலாக மூக்குப்பேணிக் குவளையில் மோர் வைப்பது என் பொறுப்பு. கச்சானை வறுக்காமல் அரைத்து மோரில் கலந்தேன், வறுத்தால் மணக்கும். அண்ணாந்து வார்த்தால் நாக்குக்குத் தெரியுமுன் தொண்டைக்குப் போய்விடும். தொண்டை அடைத்தால் உடனே போடுகிற அவருடைய ஊசி எப்போதும் கோட்டுப் பைக்குள் இருக்கும். கோட்டு கசங்காமலிருக்க என் காரில் கொண்டுபோய் வைத்தேன்.

குடித்தார். கழுத்தைப் பிடித்துக்கொண்டு "ஊசி" என்றார்.

"மனுசன் இண்டைக்கு வெளுத்து வாங்குது," என்றார் திரைக்குப் பின்னால் இயக்குநர் குலசேகரம்.

முன்வரிசையில் இராசமணி அக்கா, "முகமே நீலமாய்ப் போச்சு, பாருங்கோவன்," என்றா. சனம் கைதட்டியது.

பக்கத்தில் மண்டியிட்டேன். என் கையைப் பிடித்தார், வாய் திறந்து மூடியது. என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது என் முறை. ஓவென்று அழுதேன்.

சனத்துக்குள் இருந்து லதீசன் எடுத்த வீடியோவை விசாரணையில் நீங்கள் போட்டுக் காட்டினீர்கள். என் கன்னத்தில் ஈரம் மினுங்குகிறது. அது அவர் இருமியபோது தெறித்த மோர் என்கிறீர்கள். நீங்கள் நாடகம் பார்க்கிற ஆள் இல்லைப் போலும். ஜெயரத்தினம் அண்ணை இருந்திருந்தால் அது அழுகைதான் என்று இப்போது ஒத்துக்கொண்டிருப்பார்.