முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை

இந்த நாற்காலியை முதலில் மாற்றச் சொல்லுங்கள். எலும்பு மருத்துவமனையில் இவ்வளவு தாழ்வான நாற்காலி போடக் கூடாது. முட்டி தேய்ந்தவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள், எழுந்திருக்க மாட்டார்கள். பிடித்து எழக் கைப்பிடிகூட இல்லை. நான் காலமெல்லாம் செருப்புக் கடையில் வேலை பார்த்தவன். ஒருவர் வாசற்படி ஏறுவதைப் பார்த்தே எந்தக் காலில் வலி என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் இதெல்லாம் கண்ணை உறுத்துகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவிக்கு இங்கேதான் முட்டி மாற்று ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபி பையன் மேல் என் மகள் புகார் கொடுத்திருக்கிறாள். அம்மாவின் காலைப் பாழாக்கிவிட்டான் என்று. நீங்களும் அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டு, சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் கொஞ்சம் பின்னாலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. நடை என்றால் அப்படியொரு நடை. கல்யாணமான நாளிலிருந்து நான் அவளோடு நடந்ததே இல்லை, அவளுக்குப் பின்னால் நடந்திருக்கிறேன். கடைத்தெருவில் ஏதோ பேசிக்கொண்டே போவேன். பதில் வராது. நிமிர்ந்து பார்த்தால் அவள் நாலு கடை தாண்டிப் போய், யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள். "வந்துட்டாரு பாருங்க எங்க வீட்டு ஆமை" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வயிறு எரியும்.

ஐம்பதைத் தாண்டியதும் அவளுக்கு முட்டி தேய ஆரம்பித்தது. டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார், தொடைத் தசைக்குப் பயிற்சி சொன்னார், மாடிப்படி ஏறாதே என்றார். காலையில் எழுந்ததும் கால் மரக்கட்டையாக இருக்கும். வெந்நீர்ப் பையை வைத்து ஒத்தடம் கொடுப்பேன். களிம்பு தடவுவேன். முட்டிக்கு உறை மாட்டிவிடுவேன். கடைசியில் முட்டிக்குள் ஊசிகூடப் போட்டுப் பார்த்தோம். எதிலும் நான் ஒரு குறை வைக்கவில்லை, தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அப்போதுதான் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். ஒரே வேகம், ஒரே பக்கம். நான் பேசினால் பதில் வந்தது. சொல்லக் கூடாதுதான், என் வாழ்க்கையில் நல்ல வருஷங்கள் அவைதான்.

பிறகு மகளும் டாக்டரும் சேர்ந்து ஆபரேஷன் என்று முடிவு செய்தார்கள். என்னையும் கேட்டார்கள், சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே அந்தப் பையன் அவளை நடக்க வைத்தான். கூடத்தின் அந்தக் கோடியில் போய் நின்றுகொண்டு இரண்டு கையையும் நீட்டினான். "வாக்கரை விடுங்கம்மா. கீழ பாக்காதீங்க, என்னைப் பாருங்க. அப்படியே என்கிட்ட வாங்க." அவள் போனாள். நான் பின்னால் நின்றேன், விழுந்தால் பிடிக்க. அவள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கையைப் பிடித்ததும் சிரித்தாள் பாருங்கள், அவள் மைதானத்தில் சிரிக்கிற சிரிப்பு அது. எனக்காக ஒருநாளும் சிரித்ததில்லை. "சார், மூணு மாசம் போகட்டும், உங்க வீட்டம்மாவை நீங்க ஓடித்தான் பிடிக்கணும்" என்றான். சந்தோஷமாகத்தான் சொன்னான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

தப்பாக நினைக்காதீர்கள். அவன் என் மகளைவிடச் சின்னவன். இவள் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். அந்த மாதிரிப் பொறாமை இல்லை. ஆனால் பொறாமைதான். அதை மறைக்க நான் இங்கே வரவில்லை.

கூட இருந்து பார்த்துக்கொள்கிறவன் நான் என்பதால் அவன் என்னிடம் இரண்டு விஷயம் சொல்லிவைத்தான். ஒன்று, பயிற்சிக்கு அரைமணி முன்னால் வலி மாத்திரை கொடுத்துவிட வேண்டும். இரண்டாவது தலையணை. "குதிகாலுக்கு அடியில வைங்க சார். முட்டிக்குக் கீழ மட்டும் வேணாம். வச்சா சுகமாத்தான் இருக்கும், ஆனா மடங்கின வாக்குலயே இறுகிப்போயிடும், அப்புறம் கால் நிமிராது. இந்த ஒன்றரை மாசம்தான் நம்ம கையில இருக்கு." நல்ல விளக்கமாகச் சொன்னான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்ல முடியாது.

அவள் சாப்பிட்ட மாத்திரைகளில் இரண்டு வெள்ளை. ஒன்று வலிக்கு, இன்னொன்று சுண்ணாம்புச் சத்துக்கு. பிரித்துக் கையில் கொடுப்பவன் நான். அவன் வருவதற்கு முன்னால் சத்து மாத்திரையைக் கொடுத்தேன், அவன் போன பிறகு வலி மாத்திரையை. அவளுக்கு நான் வலி கொடுக்கவில்லை. இருந்த வலியைக் கொஞ்சம் இடம் மாற்றி வைத்தேன். அவன் ஒவ்வொரு முறையும் கேட்டான், "மாத்திரை போட்டீங்களாம்மா?" அவள் ஒவ்வொரு முறையும் உண்மையைத்தான் சொன்னாள், "போட்டாச்சு தம்பி." அவன் முட்டியை மடக்குவான். அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்துவாள். அவன் முகம் வெளிறிப்போகும். அவன் போன பிறகு நான் மாத்திரையைக் கொடுத்துவிட்டு மெதுவாகப் பாதத்தைப் பிடித்துவிடுவேன். சற்று நேரத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள், "உங்க கை பட்டாத்தாங்க வலி போகுது."

இதைக் கேட்க நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா.

மதியம் அவள் தூங்கும்போது முட்டிக்குக் கீழே தலையணை வைத்தேன். நல்ல இலவம்பஞ்சுத் தலையணை. முதல் நாள் அவளே கேட்டாள், "தம்பி வேணாம்னாரே?" பெரிய டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டேன், இப்போது வைக்கலாமாம் என்றேன். நம்பினாள். என்னை நம்பாமல் அவள் வேறு யாரை நம்புவாள்? குழந்தை மாதிரித் தூங்கினாள். அவன் வரும் நேரத்துக்கு எடுத்துவிடுவேன். உறையை வாராவாரம் துவைத்தேன், சுத்தத்தில் குறை சொல்ல முடியாது.

போகப்போக வாசல் மணி அடித்தாலே அவள் நடுங்கினாள். "இன்னைக்கு வேணாம்னு சொல்லிடுங்களேன்" என்று கெஞ்சினாள். பாவம், பிழைக்க வந்த பையன், அப்படிச் சொல்லலாமா என்று நான் கொஞ்சம் பிகு செய்துகொண்டேன். அப்புறம் போன் செய்து, அம்மாவுக்கு அசதியாக இருக்கிறது என்றேன். அவனும் விடவில்லை. "எங்கயோ தப்பு நடக்குது சார், எனக்குப் பிடிபடல" என்று என் எதிரிலேயே கண் கலங்கினான். மயக்க மருந்து கொடுத்து முட்டியை மடக்கிவிடலாம், இன்னும் காலம் தாண்டவில்லை என்று டாக்டரிடம் சொல்லி ஏற்பாடு செய்தான். அதில் என்ன செய்வார்கள் என்று அவளுக்கு விளக்கியது நான்தான். சற்று விரிவாகவே விளக்கினேன். அவள் ஒரேயடியாக மாட்டேன் என்றுவிட்டாள்.

இப்போது அந்தக் கால் நிமிராது, முழுக்க மடங்கவும் செய்யாது. சாயங்காலம் என் தோளைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை வருகிறாள். நான் பேசினால் பதில் சொல்கிறாள்.

பிறகு ஏன் இதையெல்லாம் இங்கே வந்து சொல்கிறாய் என்று கேட்பீர்கள். சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. மகள் சொன்னதற்கு ஆமாம் போட்டுவிட்டுப் போகத்தான் கிளம்பினேன். காலையில் கீழே உட்கார்ந்து அவளுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது சொன்னாள், "அந்தத் தம்பி மேல தப்பு சொல்லிடாதீங்க. பாவம், எவ்வளவு பாடுபட்டார். நான்தான் வலி தாங்காமக் கெடுத்துக்கிட்டேன்." வாரை இழுத்து மாட்டினேன். அவள் என் தோளை ஊன்றி எழுந்தாள். எழும்போதே சொன்னாள், "ஒவ்வொரு தடவ எழுந்திருக்கிறப்பவும் அந்தத் தம்பி ஞாபகம்தாங்க வருது."

என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

ஒரு நாளைக்கு ஒரு மனுஷி எத்தனை முறை எழுந்திருப்பாள், நீங்களே சொல்லுங்கள். அத்தனை முறையும் அவன். அவள் இருக்கும்வரை அவன். இத்தனை பாடுபட்டு அந்த முட்டியை இறுக வைத்தவன் நான், அதற்குள் குடியிருப்பவன் அவனா?

அதனால் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். அந்த முழங்காலில் அவன் செய்தது ஒன்றுமே இல்லை. மாத்திரை நான், தலையணை நான், முழுக்க முழுக்க என் கைவேலை. அவனைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

அவளிடமும் சொல்லிவிடுங்கள், வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். கேட்டதும் கோபத்தில் எழுந்து போகப் பார்ப்பாள். அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் வந்து தோள் கொடுக்கிறேன்.