வெள்ளாற்றுக்கு மேல் ஒரு வளைவு

இரவு பதினொன்றரை. சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகிற ரோடு. மழை விட்டிருந்தது. முன்னும் பின்னும் ஒரு லாரிகூட இல்லை... ஜெயராணி ஸ்கூட்டியில் தனியாக வந்துகொண்டிருந்தாள்.

ஜெயராணி சாப்பாடு டெலிவரி ஆப்பை உருவாக்கியவள். கடையிலிருந்து வீடு வரைக்கும் போனில் ஒரு குட்டி வண்டி நகர வேண்டும். ரோட்டுத் திருப்பங்களில் அது வெட்டி வெட்டி நின்றது. திருப்பங்களை எடுத்துவிட்டு, கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே வளைவாக இழுத்துவிட்டாள்.

"அல்வா மாதிரி வழுக்கிக்கினு போவுதே ஜெயா!" ஆபீஸே கைதட்டியது.

வெள்ளாற்றங்கரையில் ரோடு திரும்பும். டெலிவரி பையன்கள் பார்க்கிற போனிலும் அவள் வளைவு திரும்பாது.

ஊருக்குப் புதிதாக டெலிவரி வேலைக்கு வந்த அருண்பாண்டியன், அடைமழையில், இருட்டில், போனில் வண்டி போன வழியே ஆற்றுக்குள் போனான்...

ஆபீஸில் விசாரித்தபோது முதலில் வாயைத் திறந்தவள் ஜெயராணிதான். "குடிச்சிருப்பான் சார்."

எல்லோரும் அதை அவ்வளவு சுலபமாக நம்பியதுதான் அவளுக்குக் கூசியது.

அவன் அம்மா மாரியம்மாள் வந்து நின்றாள். "எம்புள்ள டீகூட குடிக்க மாட்டாம்மா."

ஜெயராணி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கே வளைவை அழித்துவிட்டு, திருப்பங்களைத் திரும்பப் போட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

இப்போது, ஆற்றங்கரையில், வண்டியில் மாட்டியிருந்த போன் அதிர்ந்தது. ஆப் தானாகத் திறந்துகொண்டது. அந்நேரத்துக்கு டெலிவரியில் யாருமே கிடையாது. ஆனாலும் ஒரு வண்டி... ஆற்றின் நட்ட நடுவில். அழித்த அதே வளைவில், வழுக்கிக்கொண்டு, அவளை நோக்கி...

முறுக்கினாள். பின்னால் இன்ஜின் சத்தம் இல்லை. சொட்... சொட்... என்று மட்டும். ஆற்றுச் சேறும் சூடான சால்னாவும் கலந்த வாடை.

"சொல்லிடுறேன்... நாளைக்கே சார்கிட்ட சொல்லிடுறேன்."

வாடை குறைந்தது. சொட்டும் நின்றது.

தெருமுனை விளக்கு தெரிந்ததும் மனசு மெல்லப் பேசியது. சொன்னால் வேலை போகும். ஊர் காறித் துப்பும். செத்தவன் வந்து சாட்சி சொல்லப் போகிறானா...

பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. சில்லென்று.

அம்மா கதவைத் திறந்தாள். "கூட யாருடி?"

"யாருமில்லம்மா."

அம்மா அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"துண்டு எடுத்துக் குடுடி. பாவம், புள்ள தொப்பலா நனைஞ்சு நிக்குது."