விழுப்புரம் கம்ப்யூட்டரில் கரும்புள்ளி

டீ வேண்டாம் ஐயா, எனக்குப் பித்தம். கேட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

சுப்பராயலு அண்ணனுக்குத் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் கம்ப்யூட்டர் ஜாதகக் கடைகள். தொண்ணூற்றேழில் நான் திண்டிவனம் கடையில் ஜாதகம் அடித்துக்கொடுக்கிற வேலையில் இருந்தேன். எழுத்தாகத் தெரியாமல் கம்ப்யூட்டருக்கு உத்தரவு மட்டும் போடுகிற குறிகள் சில உண்டு. அவற்றில் ஒன்றைச் சேர்த்தால் எங்கள் மிஷின் கிணிங் என்று மணியடிக்கும்.

கூட்டேரிப்பட்டு டயர்க்கடை விருத்தாசலம், மகள் பிரபாவதிக்குப் பொருத்தம் பார்க்க வந்தார். அவர் கொண்டுவந்த ஜாதகங்களில் என்னுடையதும் ஒன்று. தரகரிடம் நான்தான் கொடுத்திருந்தேன். நல்ல பேச்சு நடக்கும்போது மணியோசை கேட்டால் அவருக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம். அதனால் என் பெயருக்குப் பின்னால் அந்தக் குறியை வைத்தேன். மணியடித்தது. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எதுக்கும் விழுப்புரத்துலயும் ஒருதபா பாத்துக்கினு வந்துடறேன் தம்பி" என்று ஜாதகங்களைப் பதிந்துவைத்த பிளாப்பியை வாங்கிக்கொண்டு போனார்.

விழுப்புரத்து மிஷின் வேறு ரகம், வெள்ளைத் திரை. அதே குறிக்கு அது மணியடிக்காது, உருண்டையாக ஒரு புள்ளி போடும். அது எனக்கு அப்போது தெரியாது.

"மத்தவன் பேரெல்லாம் சுத்தமா கீது. உன் பேருக்குப் பக்கத்துல கரும்புள்ளி. ஆண்டவனே காட்டிக் குடுத்துட்டான். இனிமே விழுப்புரம் மிஷின்தான் எனக்கு" என்றார் விருத்தாசலம், திரும்பி வந்து.

எனக்குக் கோபமில்லை. விழுப்புரத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் புள்ளியை எடுத்தேன். அவர் மறுபடி பார்க்கச் சம்மதிக்கவில்லை. அதற்குப் பிறகு பிரபாவதிக்கு வந்த ஒவ்வொரு வரனுக்கும் புள்ளி வைத்தேன். பேங்க் கிளார்க், கம்பவுண்டர், கெடாரிலிருந்து ஒரு வாத்தியார். வாத்தியாருக்குப் போட்டோவில் மூக்கு நன்றாக இருந்தது, அவருக்கு மட்டும் இரண்டு. பெண்ணுக்குத் தோஷம் என்று ஊர் பேசியபோது எனக்கு மனசு பொறுக்கவில்லை. அப்படிப் பேசியவர்களை நேரிலேயே திட்டியிருக்கிறேன்.

போன மாதம் அண்ணன் வாங்கிய புது மிஷின் மணியும் அடிக்கவில்லை, புள்ளியும் போடவில்லை. பழைய ஜாதகங்களில் இருந்த குறியை அப்படியே ஓர் ஆங்கில எழுத்தாகக் காட்டிவிட்டது. யாருடைய பெயர்களுக்குப் பின்னால் என்று அண்ணன் பார்த்தார், எல்லாம் பிரபாவதிக்கு வந்த வரன்கள். ஸ்டேஷனுக்கு உங்களிடம் கூட்டி வந்துவிட்டார்.

எல்லாம் நான் செய்ததுதான், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பிரபாவதியின் வாழ்க்கையைக் கெடுத்தேன் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை அடித்துவிடுங்கள். இத்தனை வருஷம் வந்த வரனெல்லாம் தட்டிப்போயிருக்கிறதென்றால், அவருக்கு என்னோடுதான் முடிச்சுப் போட்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்.