டாக்டர் ஏதாச்சும் இருக்குன்னு சொல்லணும்

யுத்த காலம். திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வந்த பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடிய பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு குடியானவரும் அவர் மனைவியும் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னாள்:

"இந்தத் தடவையாச்சும் டாக்டர் ஏதாச்சும் இருக்குன்னு சொல்லணும்."

"என்ன பேச்சு இது? ஒண்ணும் இல்லேன்னா நல்லதுதானே."

"ஒங்களுக்கு நல்லது. போன தடவை ஒண்ணுமில்லேன்னு திரும்பி வந்ததுக்கு, நடவுக்குப் பயந்து படுத்துக்கிட்டாள்னு ஊரே சிரிச்சுச்சு. அதான் இம்புட்டு நாளும் இடுப்பு வலிய வெளிய சொல்லல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"டாக்டர் என்னையத்தான் கேட்டாரு. 'அவளுக்கு ஒண்ணுமில்லைங்கய்யா, வேலைக்குச் சுணங்குறா'ன்னு நீங்கதானே சொன்னீக?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"அறுப்பு அன்னிக்கு, எந்திரிக்க முடியாம நீ வரப்புல ஒக்காந்து அழுதியே. நான் பாத்தேன்."

"பாத்தீகளா?"

"பொண்டாட்டியத் தாங்குறான்னு கூட இருந்தவங்க கேலி பேசுவாங்கன்னு, பாக்காத மாதிரி போயிட்டேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் தலை நிமிரவே இல்லை.

"இன்னைக்கு டாக்டர்கிட்ட நானே எல்லாத்தையும் சொல்லிடுறேன்" என்றார்.

"வேணாம். வலி எங்க இருக்குன்னு நான் சொல்லிக்கிறேன். நீங்க பாத்தத மட்டும் சொல்லுங்க."