ரெண்டு தண்ணி முட்டுற கோடு

சிரிக்காதீங்கப்பா. நம்ம ரோகிணியோட சித்தப்பாவுக்கு நடந்தது இது...

டி. கல்லுப்பட்டி தாண்டி உள்ள போற ரோடு. பொழுது சாயுற நேரம். ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம், ஈ காக்கா இல்லை. சித்தப்பா பாண்டியராஜன் பைக்ல தனியாப் போறாரு. முன்னாடி ஒரு பை. கடல்ல விழுந்து செத்த சிவபாண்டியோட துணிமணி. அவங்க அம்மாகிட்ட குடுக்கணும்.

ரெண்டு பேருக்கும் தூத்துக்குடியில, கடல் நீரோட்டம் அளக்குற படகுல வேலை. கரைப்பக்கம் ஆழம் கம்மியில்லையா... கடல் ஏறி எறங்கையில அடிவரைக்கும் கலங்கி, தண்ணி குளுந்து கெடக்கும். அங்கிட்டு ஆழத்துல மேல்தண்ணி தெளிஞ்சு, சூடா இருக்கும். ரெண்டும் முட்டுற எடத்துல நீளமா ஒரு கோடு. நுரை, பாசி, ஒத்தச் செருப்பு... எல்லாம் அதுலதான் வந்து சேரும். அங்க விழுந்தது கரைக்கும் வராது, ஆழத்துக்கும் போகாது. நீரோட்டம் கோட்டோடயே இழுத்துட்டுப் போயிரும்.

அந்தக் கோட்டுல மிதவை போடக் குனிஞ்சான் சிவபாண்டி. அவன் இடுப்புக் கயித்தைப் பிடிச்சிருக்க வேண்டியது சித்தப்பா. அவரு போனைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. படகு கரைக்குத் திரும்பி வெகுதூரம் வந்தப்புறம்தான் நிமிந்தாரு... ஆளைக் காணோம்.

"இப்பத்தான் விழுந்தான்!"னு கத்துனாரு.

எல்லாரும் அவரு கத்துன எடத்துலயே தேடுனாங்க. மறுநாளும் அங்கேயே. கோட்டுப் பக்கம் போங்கன்னு ஒரு வார்த்தை... வாயில வரலை. வெக்கம். உடம்பு கெடைக்கவே இல்லை.

இப்ப ரோட்டுல குப்புனு கடல் வாடை. மதுரைப் பக்கத்துல ஏதுடா கடல்? பைக் வெளிச்சத்துல, ரோட்டு நடுவுல நீளமா வெள்ளை நுரை. ஒரு பாதி ஈரம். ஒரு பாதி காஞ்ச புழுதி. முதுகுக்குப் பின்னாடி சொட்... சொட்...

திரும்பிப் பாக்கலை. நுரை போன வழியே போனாரு. அது சிவபாண்டி வீட்டு வாசல்ல போய் நின்னுச்சு.

அவன் அம்மா மலையம்மாள் வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "எம்மகனை அம்புட்டு நேரம் தேடுனீகளாமே... நல்லா இருங்கய்யா."

அந்த வார்த்தையைத்தான் அவரால தாங்க முடியலை. கால்ல விழுந்துட்டாரு. "கயித்தை விட்டது நாந்தேன் ஆத்தா. தப்பான எடத்துல தேட வச்சதும் நாந்தேன்."

மூஞ்சியை நிமித்த முடியலை. அந்தம்மா அழலை. வையலை.

"தெரியும்யா"ன்னாங்க. "எந்திரிங்க. நீங்க வரட்டும்னு இன்னும் சாப்பிடாம உக்காந்திருக்கான்."

உள்ள ரெண்டு இலை போட்டிருந்துச்சு, ஆளைக் காணோம். ஒண்ணுல... யாரோ அப்பத்தான் தண்ணி தெளிச்சு, கையால தொடைச்சிருந்தாங்க.